கோடம்பாக்கத்தில் ஏறி மாம்பலத்தில் இறங்குவது

வணக்கம் சார்,

என் தம்பிக்கு மின்சார ரயிலில் ஏறினால் நெஞ்சு படபடக்கிறது, மயங்கி விழுந்துவிடுவோம் என்று பயம். இதயத்தில் கோளாறு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கவுன்சலிங் நான்கு முறை போயாயிற்று. சின்ன வயதைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. நோட்டுப் போட்டு ஹோம்வொர்க் தருகிறார்கள். சின்ன வயதைத் தோண்டி மனதை அலசிய டாக்டர் ஃப்ராய்டு காலத்து ஆழமெல்லாம் போய்விட்டதா? நம் பாட்டிமார் பேசித் தேற்றாததா? வேறு ஆளைப் பார்க்கட்டுமா? பாவம், அவனைத் தனியாக விடுவதில்லை, நானும் கூடவே போகிறேன்.

மீனா, வேளச்சேரி

அன்புள்ள மீனா,

பாட்டிமாரை விட்டுவிடுவோம், அந்த வாதத்துக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. சில நாளாக என் மண்டையில் ஓடுவது அந்த நோட்டுதான்.

தெருவில் இறங்கவே பயப்படுகிறவரின் மனதை அலசிக்கொண்டே இருந்தால் பயம் தானாகப் போகாது, ஒரு கட்டத்தில் தெருவில் இறக்கிப் பயத்தோடு மல்லுக்கட்ட வைக்க வேண்டும் என்று 1918இல் புடாபெஸ்ட்டில் பேசியவர் வேறு யாருமில்லை, ஃப்ராய்டேதான். 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்ற குழந்தைக்குப் பிடித்த தின்பண்டம் கொடுத்துக்கொண்டே முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்ததை எழுதினார். 1958இல் ஜோசப் வோல்பி என்ற மனநல மருத்துவர் இதை ஏணியாகவே கட்டினார்: பயங்களை வரிசைப்படுத்து, உடம்பைத் தளர்த்து, கீழ்ப்படியிலிருந்து ஒவ்வொன்றாகக் கற்பனை செய். பின்னால் வந்தவர்கள் கற்பனையை விட்டு ஆளை நிஜ இடத்துக்கே அனுப்பினார்கள். உங்கள் தம்பியின் நோட்டுக்கு இவ்வளவு வயது.

பயத்துக்கு நூற்றுக்கு மார்க் போடச் சொல்லியிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கோடம்பாக்கம் பிளாட்பாரத்தில் சும்மா நிற்பது 30. காலி வண்டியில் ஏறி மாம்பலத்தில் இறங்குவது 45. காலை ஒன்பது மணிக்குத் தாம்பரத்தில் ஏறிக் கூட்டத்துக்கு நடுவில் நின்றபடியே கடற்கரை வரை, 95. ஏறுவதற்கு முன் ‘மயங்கி விழுவேன்’ என்று எழுதணும், இறங்கியதும் நடந்ததை எழுதணும். பெரும்பாலும் ‘வியர்த்தது, விழவில்லை’ என்றுதான் இருக்கும். மயக்கம் வர ரத்த அழுத்தம் இறங்க வேண்டும். படபடப்பில் அது பொதுவாக ஏறத்தான் செய்கிறது. ஒரே படியை அடுத்தடுத்த நாட்களில் திரும்பத் திரும்பச் செய்யணும். வாரம் ஒருமுறை என்றால் பழைய பயம் மறுபடி குடிவந்துவிடலாம்.

கெடுவது இரண்டு இடத்தில். கிண்டி வரை போக வேண்டியவன், பயம் உச்சத்தில் இருக்கும்போது சைதாப்பேட்டையில் குதித்து இறங்கினால், இறங்கிய நொடியே நிம்மதி. ‘இறங்கினதால் பிழைத்தோம்’ என்று மனசு எழுதிக்கொள்ளும். அடுத்த தடவை மாம்பலத்திலேயே இறங்கச் சொல்லும். இன்னொன்று, கையில் தண்ணீர் பாட்டில், கதவோரம் நிற்பது, அம்மாவோடு போனில் பேசிக்கொண்டே போவது. நல்லபடியாகப் போய்ச் சேர்ந்த பெருமையெல்லாம் பாட்டிலுக்குப் போய்விடும்.

நீங்கள்தான் அம்மா அந்தப் பெரிய பாட்டில்! கோபித்துக்கொள்ளாதீர்கள். வேளச்சேரியிலிருந்து அவனுக்காக அலைகிற அக்கா எத்தனை பேருக்கு வாய்க்கும்? ஆனால் நீங்கள் பக்கத்தில் இருக்கும்வரை அந்தப் பயணம் அவன் கணக்கில் ஏறாது. சட்டென்று விலகவும் வேண்டாம், அதற்கும் படி இருக்கிறது. கவுன்சலரிடம் சொல்லிவிட்டு, முதலில் அடுத்த பெட்டியில் ஏறுங்கள். பிறகு, அவன் கோடம்பாக்கத்தில் ஏறட்டும், நீங்கள் மாம்பலத்தில் காத்திருங்கள். அப்புறம் வீட்டிலேயே இருங்கள், போனும் பண்ணாமல்.

ஆளை மாற்றுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள் இல்லையா? வேண்டாம்.