பாவநிவிர்த்திக் கோட்பாடு: பி.டி. வகுப்பில் சேரும் முன் எவற்றைப் படிக்கலாம்?

அன்புள்ள தம்பிக்கு,

பட்டப்படிப்பை முடித்து, அடுத்த கல்வியாண்டில் இறையியல் கல்லூரியில் பி.டி. (இறையியல் இளநிலைப் பட்டம்) சேர இருக்கும் நீங்கள், இடைப்பட்ட மாதங்களில் பாவநிவிர்த்திக் கோட்பாட்டை, அதாவது கிறிஸ்துவின் மரணம் மனிதரைப் பாவத்திலிருந்து மீட்டுக் கடவுளோடு ஒப்புரவாக்குவது எப்படி என்ற போதனையைப் பற்றி எவற்றைப் படிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய பட்டியலில் இருப்பவை நல்ல நூல்களே. ஆனால் அனைத்தும் ஒரே தரப்பைச் சேர்ந்தவை. இறையியல் வகுப்பில் உங்கள் விசுவாசத்தை எடுத்துச் சொன்னால் மட்டும் போதாது. மாற்றுக் கருத்தையும், அதைக் கொண்டவரே 'ஆம், நான் சொல்வது இதுதான்' என்று ஒப்புக்கொள்ளும்படி எடுத்துரைக்க வேண்டியிருக்கும். ஆகவே விளக்கவுரைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, மூலநூல்களை அவை ஒன்றோடொன்று வாதிட்ட வரிசையிலேயே படியுங்கள்.

முதலில் வேதாகமம். லேவியராகமம் 16, ஏசாயா 53, ரோமர் 3, 2 கொரிந்தியர் 5, எபிரெயர் 9, 10 ஆகிய அதிகாரங்களை ஒரே வாரத்தில், குறிப்பெடுத்துப் படித்துவிடுங்கள். அடுத்து, நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ் எழுதிய, வார்த்தையானவர் மனிதரானதைப் பற்றிய சிறுநூல். இரண்டு மூன்று நாள்களில் முடிந்துவிடும்.

நிதானமாகப் படிக்க வேண்டியவர் ஆன்செல்ம். இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராயராக இருந்த அவர், நாட்டைவிட்டு வெளியேறி இத்தாலியில் தங்கியிருந்த 1098ஆம் ஆண்டில் 'கூர் தேயுஸ் ஹோமோ' (கடவுள் ஏன் மனிதரானார்) என்ற நூலை நிறைவு செய்தார். போசோ என்ற மாணவர் கேட்க, ஆசிரியர் விடை சொல்வதாக அமைந்த உரையாடல் அது. கடவுள் மன்னித்துவிட்டால் போதாதா, எதற்காக ஒரு மரணம் என்று இன்று எல்லாரும் கேட்கும் கேள்வியைப் போசோ அன்றே கேட்டுவிடுகிறார். பாவத்தின் பாரம் எவ்வளவு என்பதை நீ இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை என்று அதற்கு விடை வருகிறது. கடனைத் தீர்க்கக் கடமைப்பட்டவன் மனிதன், தீர்க்க வல்லவரோ கடவுள் ஒருவரே, எனவே இரு தன்மையும் உடைய ஒருவரால்தான் அது இயலும் என்பது அவருடைய வாதம். ஒவ்வொரு அதிகாரத்தையும் முடித்ததும் அதன் வாதத்தை நாலே வரியில் தமிழில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லையென்றால் புரியவில்லை என்று பொருள்.

உடனே, ரோமர் நிருபத்துக்கு, ஆன்செல்முக்கு அடுத்த தலைமுறைப் பிரெஞ்சு இறையியலாளர் அபெலார்ட் எழுதிய உரையில் மூன்றாம் அதிகாரப் பகுதியைப் படியுங்கள். குற்றமற்றவரின் இரத்தத்தை விலையாகக் கேட்பது கொடுமையல்லவா என்று கேட்டுவிட்டு, சிலுவையில் வெளிப்பட்ட அன்பு நம்மில் அன்பை எழுப்புகிறது என்ற பக்கத்துக்கு அவர் நகர்கிறார். பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வினுக்கு அவருடைய 'இன்ஸ்டிட்யூட்ஸ்' நூலின் இரண்டாம் புத்தகத்தில் 16ஆம் அதிகாரம் இப்போதைக்குப் போதும்.

இக்காலத்தவரில் இருவரைச் சேர்த்துப் படிக்கலாம். சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த குஸ்டாஃப் ஔலேனின் 'கிறிஸ்துஸ் விக்தோர்' (வெற்றி வேந்தர் கிறிஸ்து) 1931இல் ஆங்கிலத்தில் வந்தது; பாவம், மரணம், பிசாசு ஆகியவற்றின்மேல் கிறிஸ்து கொண்ட வெற்றியே ஆதித் திருச்சபையின் கருத்து என்கிறார். வரலாற்றை இந்த வெற்றிக் கருத்து, ஆன்செல்ம் வழி, அபெலார்ட் வழி என மூன்றே வகையாக அவர் அடுக்குவது எனக்குச் சற்று மிகையாகவே தோன்றுகிறது. உங்கள் பட்டியலில் உள்ள, ஆங்கிலேய ஆயர் ஜான் ஸ்டாட்டின் 'தி கிராஸ் ஆஃப் கிரைஸ்ட்' (1986) நூலை இதற்குப் பிறகு எடுத்தால், நமக்குப் பதிலாக நின்றவர் மூன்றாம் ஆள் அல்லர், கிறிஸ்துவில் கடவுளே என்று அவர் ஏன் அத்தனை அழுத்திச் சொல்கிறார் என்பது விளங்கும்.

நம்மவர்களையும் விட்டுவிடாதீர்கள். சென்னை மேயராகவும் இருந்த வேங்கல் சக்கரை 1932இல் 'தி கிராஸ் அண்ட் இந்தியன் தாட்' என்ற நூலை வெளியிட்டார். எச்.ஏ. கிருட்டிணப் பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' குமார பருவத்தில் உள்ள இரட்சணிய சரிதப் படலம், பிரசங்க மேடைக்குப் போகிறவருக்கு மனப்பாடமாகவே இருக்கலாம்.

படித்த பின் வேலை கிடைக்குமா என்ற உங்கள் தந்தையின் கவலை நியாயமானது. ஆயர் பணிக்கு எடுத்துக்கொள்வது திருமண்டலத்தின் (ஒரு பேராயரின் கீழுள்ள சபைகளின் நிர்வாகம்) முடிவு. கல்லூரிப் பட்டம் மட்டும் அதற்கு உறுதி தராது. ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே பேராயரைச் சந்தித்து, திருமண்டலப் பரிந்துரை கிடைக்குமா, படிப்புச் செலவில் பங்கேற்பார்களா, முடித்தபின் பணியமர்த்தம் எப்படி என்று நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். கல்லூரி ஆசிரியராகும் எண்ணம் இருந்தால் பி.டி.க்குப் பின் எம்.டிஎச். (இறையியல் முதுநிலைப் பட்டம்) படிக்க வேண்டும், அப்படியானால் புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்தின் எழுத்துகளை இந்த விடுமுறையிலேயே தொடங்கிவிடுவது நல்லது.