கோல்ஃப் ஆடுகிற எல்லாரும் அதைத் திட்டிக்கொண்டே ஆடுகிறார்களே, அப்படி என்னதான் இருக்கிறது அதில்?

திட்டுகிற கூட்டத்தில் நானும் ஒருவன். ஒன்பது வருடமாக ஆடுகிறேன். நடுவில் இரண்டு முறை ‘இனி இதைத் தொட்டால் என்னைக் கேள்’ என்று பையைப் பரணில் ஏற்றியும் விட்டேன்.

கிரிக்கெட்டில் அவுட்டானால் பந்து எகிறியது, வெளிச்சம் போதவில்லை என்று ஏதாவது சொல்லித் தப்பிக்கலாம். இங்கே பந்து அசையாமல் புல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது. குறுக்கே வர ஒருவரும் இல்லை, அவசரப்படுத்தவும் ஆளில்லை. அப்படியும் அது காட்டுக்குள்தான் போகிறது.

இதில் பெரிய வம்பு, கைக்குத் தோன்றுவதெல்லாம் தப்பாக இருப்பதுதான். பந்து மேலே எழும்ப வேண்டும் என்று அடியிலிருந்து அள்ளிப் போட நினைப்போம். ஒன்று, கிளப் (அடிக்கிற கோல்) பந்தைத் தொடும் முன்பே மண்ணைத் தோண்டும். இல்லையென்றால் பந்தின் தலையில் பட்டு அது தரையோடு ஓடும். அயர்ன் என்கிற உலோகத் தலை கிளப்பின் முகமே சாய்வாகத்தான் இருக்கிறது, அதனால் கீழ்நோக்கி இறக்கினால் பந்து தானாக எழும்பும். புத்திக்கு இது ஒரே நாளில் புரிந்துவிட்டது. உடம்பு ஒத்துக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. ஸ்லைஸும் இதே கதைதான். பந்து வலப்பக்கம் வளைகிறதே என்று இன்னும் இடப்பக்கமாக வீசுவோம், அது முன்னைவிட அதிகமாக வளையும். காணாமல் போனால் தேட 3 நிமிடம்தான் (2019-க்கு முன்பு 5). கிடைக்காவிட்டால் எண்ணிக்கையில் ஓர் அடி அபராதத்தோடு பழைய இடத்துக்கே திரும்பி நடக்க வேண்டும், பின்னால் வருகிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்க.

கணக்கும் இரக்கமில்லாதது. குறைந்த அடிகளில் முடிப்பவருக்கே வெற்றி. 200 மீட்டர் பறந்த அடியும் ஒன்று, குழிக்கு ஒரு சாண் தூரத்தில் தவறவிட்ட தட்டலும் ஒன்று. 1999 பிரிட்டிஷ் ஓபனில் பிரெஞ்சு ஆட்டக்காரர் ழான் வான் டெ வெல்டே கடைசிக் குழியை 6 அடிகளில் முடித்திருந்தாலே கோப்பை. 7 எடுத்தார், சமனானவர்களுக்கு வைக்கும் பிளேஆஃபில் தோற்றார். அவருக்கே அப்படி என்றால் நான் எம்மாத்திரம்.

பிறகு ஏன் போகிறேன் என்றால், சரியாகப் பட்ட அடியில் கைக்கு ஒன்றுமே தெரியாது. அதிர்வில்லை, எதிர்ப்பில்லை, ஒரு ‘டிக்’. நிமிர்ந்து பார்த்தால் பந்து மேலே போய்க்கொண்டிருக்கும். தப்புக்குச் சாக்கு சொல்ல ஆளில்லாதது போலவே இதில் பங்கு கேட்கவும் ஆளில்லை. ஒரு நாளில் நூறு அடி அடித்தால் எனக்கு இது இரண்டு முறை வாய்க்கும்.

இன்னொன்று, ஹேண்டிகேப். திறமைக்கேற்ப அடிகளைக் கழித்துக்கொள்ளும் முறை. எழுபதைத் தாண்டிய நண்பர் ஒருவர், தூரம் போகாவிட்டாலும் நேராக அடித்து அடித்தே என்னை வாராவாரம் ஜெயிக்கிறார். வேறெந்த விளையாட்டில் எங்கள் இருவருக்கும் நியாயமான போட்டி நடக்கும்?

முயன்று பார்க்க ஆசையென்றால் முதல் சில மாதம் எண்ணிக்கையே வைக்காதீர்கள். பயிற்சித் திடலில் ஒரே ஒரு 7 அயர்ன் போதும். டிரைவர் என்கிற நீளமான கிளப் பக்கம் கையே வைக்க வேண்டாம். நான் முதல் நாளே வைத்தேன்.