பாத எரிச்சலுக்கு நரம்பு ஆபரேஷன்: யாருக்குப் பயன்படும்?

கேள்வி: எனக்கு 58 வயது. 14 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். இரண்டு பாதங்களிலும் எரிச்சல், மதமதப்பு. இரவில் தூக்கமே இல்லை. ப்ரீகாபலின் மாத்திரையும் பாதிதான் கேட்கிறது. காலில் நரம்பின் இறுக்கத்தைத் தளர்த்தும் ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். செய்துகொள்ளலாமா?

பதில்: உங்கள் நரம்பு எங்காவது நெருக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

சர்க்கரையால் நரம்பு கெடுவது உடல் முழுக்க நடக்கிற கோளாறு. அதைக் கத்தி சரிசெய்யாது. ஆனால் இன்னொன்றும் நடக்கிறது. அதிகச் சர்க்கரை நரம்புக்குள் சார்பிட்டால் என்ற வேறொரு பொருளாக மாறித் தங்கும்போது நீரும் சேர்ந்து நரம்பு உப்புகிறது. கணுக்காலின் உட்பக்கத்திலும், முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கத்திலும் நரம்பு குறுகலான வழியில்தான் போகிறது. வீங்கிய விரலில் மோதிரம் இறுகுவது போல அங்கே இறுகிக்கொள்ளும். அந்த வழியை அகலப்படுத்துவதுதான் இந்த ஆபரேஷன். அமெரிக்க அறுவை மருத்துவர் லீ டெலன் 1992-இல் இதைப் பற்றி எழுதிய பிறகு பரவலானது.

சான்றுகள் என்ன சொல்கின்றன? அமெரிக்க நரம்பியல் அகாடமி 2006-இல் இதை 'நிரூபிக்கப்படாதது' என்றது. பிறகு நெதர்லாந்தில் 42 பேருக்கு ஒரு காலில் மட்டும் செய்து பார்த்தார்கள். அந்தக் காலில் வலி குறைந்தது. ஆனால் எந்தக் காலில் ஆபரேஷன் நடந்தது என்பது நோயாளிக்குத் தெரியுமே! அந்த நம்பிக்கையிலேயே வலி குறைந்ததாகத் தோன்றலாம். அமெரிக்காவின் டல்லாஸில் ஒரு காலில் உண்மையான ஆபரேஷனும் மறு காலில் வெறும் கீறலும் போட்டுப் பார்த்தபோது, ஓராண்டில் இரண்டு கால்களிலுமே வலி குறைந்திருந்தது. இந்த ஒரு முடிவே எனக்குத் தயக்கம் தருகிறது. உண்மையான ஆபரேஷன் செய்த கால் கொஞ்சம் முந்தியது சில ஆண்டுகள் கழித்துத்தான்.

கையில் கதை வேறு. சர்க்கரை நோயாளிக்கு மணிக்கட்டில் கார்ப்பல் டன்னல் இறுக்கம் இருந்தால் ஆபரேஷன் நன்றாகவே பலன் தரும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கணுக்காலின் உட்பக்க எலும்புக்குப் பின்னால் மருத்துவர் விரலால் தட்டும்போது பாதம் வரை சுரீரென்று ஓடுகிறதா? ஓடினால் மேற்கொண்டு யோசிக்கலாம். ஓடாவிட்டால் என் பதில் 'வேண்டாம்'. அதற்கு முன்பே வைட்டமின் பி12 பாருங்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நெடுநாள் எடுப்பவர்களுக்கு அது குறைந்து இதே மதமதப்பு வரும். தைராய்டு, குடிப்பழக்கம், முதுகுத்தண்டுக் கோளாறு ஆகியவை காரணமா என்றும் பார்க்க வேண்டும். ப்ரீகாபலின் அளவைக் கூட்டுவதா, டுலோக்செட்டினுக்கு மாறுவதா என்றும் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

பாதத்தில் நாடித்துடிப்பு சரியாக இல்லை, ஆறாத புண் இருக்கிறது, சர்க்கரை கட்டுக்குள் இல்லை என்றால் கத்தி வைப்பது ஆபத்து. கணுக்கால் காயம் சர்க்கரை நோயாளிக்கு மெதுவாகத்தான் ஆறும். சீழ் பிடித்தால் இருந்த தொல்லையைவிடப் பெரிய தொல்லை. எல்லாம் பார்த்த பிறகும் செய்வது என்று முடிவானால், அதிகம் வலிக்கும் காலை மட்டும் முதலில் செய்யச் சொல்லுங்கள். பலனைச் சில மாதங்கள் பார்த்துவிட்டு, அப்புறம் மற்ற காலைப் பற்றி முடிவெடுக்கலாம்.