மருந்தியல் துறையில் படிக்க வருகிறவர்கள் கேட்டவை

கேள்வி: மருந்தியல் படித்தால் மருந்துக் கடை வைக்கலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

பதில்: அது வேறு படிப்பு என்று சொல்லிவிடுங்கள். மருந்தைத் தயாரித்து, சரிபார்த்து, நோயாளியின் கையில் சேர்ப்பது மருந்தாளுநரின் வேலை. உள்ளே போன மருந்து உடலை என்ன செய்கிறது, உடல் அந்த மருந்தை என்ன செய்கிறது என்று பார்ப்பது நம் வேலை. 1847இல் டோர்பாட் (இன்றைய எஸ்டோனியாவின் டார்ட்டு) பல்கலைக்கழகத்துக்கு வந்த ஜெர்மானியப் பேராசிரியர் ருடால்ஃப் பூக்ஹைம் தன் வீட்டிலேயே ஆய்வகம் அமைத்தபோதுதான் இது தனித் துறையாகத் தலையெடுத்தது.

கேள்வி: அம்மா, கணக்கில் நான் சுமார். சமாளிக்க முடியுமா?

பதில்: மடக்கையும் வரைபடமும் பயமுறுத்தாமல் இருந்தால் போதும். ஒரு மருந்தின் அரை ஆயுள், அதாவது இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், 6 மணி என்றால், தொடர்ந்து கொடுத்துவரும்போது இரத்தத்தில் அதன் அளவு நிலைப்பட ஏறக்குறைய 24 முதல் 30 மணி நேரம் ஆகும். நான்கைந்து அரை ஆயுள்கள், அவ்வளவுதான்.

கேள்வி: ஆய்வகத்தில் முதலில் என்ன செய்யச் சொல்வார்கள்?

பதில்: பழைய பாணித் துறையாக இருந்தால் கினிப் பன்றியின் சிறுகுடல். இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டு ஒன்றை 37 டிகிரி உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, அடியிலிருந்து ஆக்சிஜன் குமிழிகளை விடுவார்கள். நரம்பு முனைகள் சுரக்கும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் ஒரு சொட்டு விழுந்ததும் குடல் சுருங்கும். அதில் கட்டிய நூல் இழுபட, பதிவுக் கருவியில் கோடு மேலே ஏறும். கழுவுங்கள், அளவை இரட்டியுங்கள், மறுபடி பாருங்கள். செறிவை மடக்கை அளவில் குறித்தால் படுத்த எஸ் போல ஒரு வளைவு கிடைக்கும். இப்போது அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்தான அட்ரோபினைச் சிறிது சேருங்கள். வளைவு உயரம் குறையாமல் அப்படியே வலப்பக்கம் நகரும். இரண்டும் ஒரே ஏற்பிக்காக, அதாவது செல்லில் மருந்து போய் ஒட்டும் இடத்துக்காக, முட்டிமோதுகின்றன, அசிட்டைல்கோலினைக் கூட்டினால் அதுவே வெல்லும் என்பதைக் கண்ணால் பார்த்துவிடுகிறீர்கள். பாடப்புத்தகத்தில் இதை மூன்று முறை படித்தும் எனக்கு ஏறவில்லை. முதல் இரண்டு வாரம் கோணல்மாணலான கோடுகள்தான் வந்தன. குடல் துண்டு ஓய்ந்து நிலைபெறக் காத்திராமல் மருந்தைக் கொட்டிக்கொண்டிருந்தேன்.

கேள்வி: விலங்குகளைத் தொட மனம் வரவில்லை.

பதில்: செல் வளர்ப்பிலும் கணினி மாதிரிகளிலும் முழுநேரமாக வேலை செய்கிற குழுக்கள் உண்டு. விலங்குக்கு மாற்று தேடு, எண்ணிக்கையைக் குறை, வதையைத் தணி என்று ரஸ்ஸல், பர்ச் என்ற இரு ஆங்கிலேய ஆய்வாளர்கள் 1959இலேயே எழுதிவிட்டார்கள். சேரும் முன்பே நெறியாளரிடம் பேசிவிடுங்கள்.

கேள்வி: நெறியாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: அவருடைய கட்டுரைப் பட்டியலைவிட அவரிடம் கடைசியாகப் படித்த ஐந்து பேரைத் தேடுங்கள். எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்? பாதியில் விலகியவர் யாராவது பேசச் சம்மதித்தால், அவரிடம் பேசும் அரை மணி நேரம் மற்ற நால்வரைவிடப் பயன்படும்.

கேள்வி: முனைவர் பட்டத்துக்குப் பின் ஆசிரியர் பணி மட்டும்தானா?

பதில்: இல்லை. மருத்துவப் பரிசோதனைகள், மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்பு, ஒப்புதலுக்கான ஆவணப் பணி, மருத்துவ எழுத்து என்று பல கதவுகள் உண்டு. துறையிலேயே தங்க விரும்பினால் ஒன்றிரண்டு சுற்று முதுமுனைவர் ஆய்வு, பிறகு நிதிக்கான விண்ணப்பங்கள். பாடம் நடத்துவதில் பாதி நாள் போய்விடும். எனக்கு அதில் வருத்தமில்லை.

கேள்வி: முதல் ஆண்டிலேயே பழகிக்கொள்ள வேண்டியது?

பதில்: ஆய்வுக் குறிப்பேடு. தோல்வியடைந்த சோதனையையும் தேதியோடு மையால் எழுதுங்கள், மருந்துக் குப்பியின் தொகுதி எண்ணையும் சேர்த்து.