மாடிவீட்டில் டியூபா (பெரிய பித்தளை ஊதுகருவி) பழக, சத்தம் குறைக்கும் மியூட்டை நாமே செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். கொழும்பின் வெள்ளவத்தை போல சுவரோடு சுவர் ஒட்டிய இடத்தில் அது கட்டாயம் தேவை. மியூட் என்பது டியூபாவின் விரிந்த மணிவாய்க்குள் இறுக்கமாக உட்காரும் மூடிய கூம்பு. காற்று வெளியேற ஒரு சிறு குழாய் இருக்கும். சத்தம் குறையட்டும் என்று அதையும் அடைத்தால் ஊதவே முடியாது. அரை அங்குல பிவிசி குழாயில் தொடங்கி, கீழ்ச்சுரங்கள் தடுமாறினால் நீளத்தை மாற்றிப் பாருங்கள்.

கூம்புக்கு ரெஜிபோம் (தெர்மோகோல்) வேண்டாம், சத்தம் அதனூடாகவே வந்துவிடும். பத்திரிகைத் தாளைப் பசை தடவி அடுக்கடுக்காக ஒட்டுவதுதான் என் தெரிவு. கொழும்புப் புழுக்கத்தில் ஒவ்வோர் அடுக்கும் நன்றாகக் காயவேண்டும், அப்புறம் வார்னிஷ்; இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

கூம்பைச் சுற்றி ரப்பர் ஸ்பொஞ் ஒட்டுங்கள். நீங்கள் ஊதும்போது தங்கச்சியை விளிம்போரம் ஈரவிரலை நகர்த்தச் சொல்லுங்கள். விரல் குளிரும் இடத்தில் கசிவு. சுருதி கொஞ்சம் ஏறும், சுருதி சேர்க்கும் நகர்குழாயை (டியூனிங் ஸ்லைடை) வெளியே இழுத்தால் சரி.