அடுக்கடுக்காய் ஒரு விண்வெளி உடை: லூஸ், கைக்குழி, அங்கி பற்றிச் சில கேள்விகள்

விண்கலத் தளபதி, வேற்றுக்கிரகத் துறவி, பாலைவனக் கோளில் அலையும் வழிப்போக்கர் என்று கதாபாத்திரங்களைப் போல வேடமிட உடை தைக்கும் வாசகர்கள் ஆளாளுக்கு ஒரு கதாபாத்திரம் வைத்திருக்கிறார்கள். வந்திருக்கும் கேள்விகள் மட்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. சட்டைக்கு மேல் ட்யூனிக் (தளர்வான நீள மேலாடை), அதன்மேல் பட்டைகள், இடுப்புப்பட்டி, எல்லாவற்றுக்கும் மேல் அங்கி. தனித்தனியாக நன்றாகத் தைத்த துணிகள் ஒன்றாகப் போட்டதும் ஏன் மல்லுக்கு நிற்கின்றன?

அக்கா, உள்சட்டை, ட்யூனிக், நீளக் கோட்டு மூன்றுக்கும் மூன்று வேறு கம்பெனி பேட்டர்ன் (துணியில் வைத்து வெட்டும் தாள் வடிவம்) வாங்கியிருக்கிறேன். எல்லாவற்றிலும் என் சைஸையே வெட்டலாமா, கோட்டை மட்டும் ஒரு சைஸ் பெரிதாக வெட்டணுமா?

கண்ணை மூடிக்கொண்டு ஒரு சைஸ் கூட்டாதீர்கள். தோளும் கழுத்தும் சேர்ந்து பெரிதாகிவிடும், கோட்டு முதுகுப் பக்கம் சரிந்துகொண்டே இருக்கும். கடையில் வாங்கும் சட்டையின் சைஸ் எண்ணையும் மறந்துவிடுங்கள், பேட்டர்ன் சைஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது தைத்து முடித்தபின் வரும் அளவு. பெரும்பாலான பேட்டர்ன்களில் அது உறையிலோ துண்டுகளின் மேலேயோ அச்சாகியிருக்கும், இல்லையென்றால் தையலுக்கு விட்ட துணியைக் கழித்துவிட்டு நீங்களே பேட்டர்னை அளந்துவிடலாம்.

முதலில் உள்சட்டையைத் தைத்து முடியுங்கள். அதைப் போட்டுக்கொண்டு அதன்மேல் இஞ்ச் டேப்பைச் சுற்றி மார்பு, இடுப்பு, மேல்கை மூன்றையும் அளந்துகொள்ளுங்கள். அந்த அளவை வைத்து ட்யூனிக், ட்யூனிக்கைப் போட்டுக்கொண்டு அளந்து கோட்டு. உள்ளிருந்து வெளியே போகும் இந்த வரிசையை மாற்றவே வேண்டாம். அவசரத்தில் கோட்டை முதலில் வெட்டிவிட்டு, உள்ளே போடுவதையெல்லாம் பிறகு ஒடுக்கப் பார்ப்பவர்கள்தான் அதிகம் கஷ்டப்படுகிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு துணியை உடம்பைச் சுற்றிப் போட்டால் அதன் தடிமனைப் போல சுமார் 6.28 மடங்கு சுற்றளவு கூடும், பள்ளிக்கூடத்தில் படித்த அதே வட்டக் கணக்குதான். கம்பளியும் லைனிங்கும் சேர்ந்து 3 மி.மீ. என்றால் ஏறக்குறைய 2 செ.மீ. போய்விடும். 100 செ.மீ. மார்பில் 2 செ.மீ. குறைவது உறைக்காது, 34 செ.மீ. கையில் அதே 2 செ.மீ. குறைந்தால் கையை மடக்கும்போதே இறுக்கிப் பிடிக்கும். அதனால்தான் அடுக்கு உடையில் முதலில் மாட்டிக்கொள்வது கைதான். மார்புக்கு லூஸ் விடுவதைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள், மேல்கையை யாரும் அளப்பதே இல்லை.

கைக்குழியையும், அதாவது உடையில் கையைப் பொருத்தும் வளைவையும் கவனியுங்கள். வெளியே போகப் போக ஒவ்வோர் அடுக்கிலும் கைக்குழியின் அடிப்பகுதியை 1 முதல் 1.5 செ.மீ. இறக்கி வெட்டுங்கள், கைத்துண்டின் மேல் வளைவையும் அதே அளவு திருத்தி இரண்டின் நீளமும் பொருந்துகிறதா என்று டேப்பை நிறுத்தி வைத்துச் சரிபாருங்கள். மூன்று அடுக்கின் கைக்குழியும் அக்குளில் ஒரே இடத்தில் வந்து குவிந்தால் அங்கே ஒரு கயிறு கட்டியதுபோல இருக்கும். நான் தைத்த முதல் அடுக்கு உடையில் இதைச் செய்யவில்லை, அரை நாள் போட்டிருந்ததில் இரண்டு அக்குளும் சிவந்து தடித்துவிட்டது.

கடைசியாக ஒன்று, மூன்று கம்பெனி என்பதால் சொல்கிறேன். உறையில் வரும் பெரிய கம்பெனி பேட்டர்ன்களில் பொதுவாக 1.5 செ.மீ. தையல் துணி சேர்ந்தே இருக்கும், புர்டா என்ற தையல் பத்திரிகையோடு வரும் தாள்களில் இருக்காது, நாம்தான் சேர்க்க வேண்டும். குறிப்புத்தாளின் முதல் பக்கத்தைப் படித்துவிட்டுக் கத்தரியைத் தொடுங்கள்.

ஐந்து அடுக்கு. போட்டுப் பார்த்தேன், பத்து நிமிடத்தில் வியர்த்துக் கொட்டிவிட்டது. எதையாவது விடலாம் என்றால் கழுத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும் அந்த அழகு போய்விடுமே?

அழகு போகாது. பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது கழுத்தோரம், கை நுனி, கீழ் ஓரம் மூன்றும்தான். அங்கே மட்டும் துணி இருந்தால் போதும்.

ட்யூனிக் பேட்டர்னின் கழுத்தையும் முன் ஓரத்தையும் தாளில் நகலெடுத்து, 8 முதல் 10 செ.மீ. அகலத்துக்கு ஒரு பட்டியாக வெட்டிக்கொள்ளுங்கள். அதுதான் பொய் அடுக்கு. அதை ட்யூனிக்கின் உள்பக்கம், வெளியே 1 செ.மீ. எட்டிப் பார்க்கிற மாதிரி வைத்துத் தையுங்கள். இன்னொரு நிறம் வேண்டுமா, அதற்கும் உள்ளே இன்னொரு பட்டி, அது இன்னும் 1 செ.மீ. மேலே. கையில் 15 செ.மீ. நீளத்துக்கு ஒரு பொய்க் கை நுனியை வெளிக் கையின் உள்ளே பொருத்தலாம். கீழே தெரிய வேண்டிய பாவாடை விளிம்பை இடுப்புப்பட்டியின் உள்பக்கம் தொங்கவிட்டால் போதும்.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. தோள் தையலை விரல்களுக்கு நடுவே பிடித்துப் பாருங்கள். தையல் துணியை ஒரே பக்கமாக மடித்திருந்தால் ஓர் அடுக்குக்கு மூன்று தடிமன், ஐந்து அடுக்குக்குப் பதினைந்து. அதன்மேல் பட்டையோ தோள்கவசமோ உட்காரவே உட்காராது, பலகைமேல் வைத்ததுபோல நிற்கும். உண்மையாகவே தைக்கும் அடுக்குகளிலாவது தையல் துணியைப் பிரித்து இஸ்திரி போடுங்கள். பொய்ப் பட்டிகளின் தோள் தையலை ஒன்றை 1 செ.மீ. முன்னே, இன்னொன்றை 1 செ.மீ. பின்னே தள்ளிவிட்டால் எல்லாம் ஒரே கோட்டில் குவியாது.

எந்த அடுக்கை எல்லோர் முன்னாலும் கழற்றுவீர்கள் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். அங்கியைக் கழற்றுவீர்கள் என்றால் அதற்குக் கீழே இருப்பது முழு ட்யூனிக்காக இருக்க வேண்டும். உடம்போடு ஒட்டியிருக்கும் முதல் துணி பருத்தி பனியன் மாதிரி, கழற்றித் துவைக்கக்கூடியதாக இருக்கட்டும். மற்றவற்றைத் தினமும் துவைக்க முடியாது.

பிடிஎஃப் பேட்டர்னை ஏ4 தாளில் அச்செடுத்து ஒட்டினேன். கோடுகள் ஒன்றோடொன்று சேரவில்லை.

அச்சிடும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற தேர்வு ஆன் ஆகியிருந்திருக்கும். அளவு 100 சதவீதம் என்று வைத்து, முதலில் சோதனைச் சதுரம் உள்ள பக்கத்தை மட்டும் அச்செடுத்து ஸ்கேலால் அளந்து பாருங்கள். 5 செ.மீ. சதுரம் 4.8 ஆக வந்தால் 100 செ.மீ. மார்பு 96 ஆகிவிடும். ஒட்டிய தாளைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், சேர்த்து இழுத்து ஒப்பேற்ற வேண்டாம்.

ரெக்சின் மாதிரியான செயற்கைத் தோலில் மேல்கோட்டு. மெஷினில் துணி நகரவே மாட்டேன் என்கிறது, ஒரே இடத்தில் தையல் விழுந்து குவிகிறது. குண்டூசி குத்திய ஓட்டையும் அப்படியே நிற்கிறது.

அந்த ஓட்டை இனி மூடாது. ஆகவே குண்டூசியைத் தையல் விளிம்புக்குள் மட்டும் குத்துங்கள், அல்லது கிளிப் போடுங்கள், நான் கிளிப்தான். துணி நகராததற்குக் காரணம் மெஷினின் ஃபுட் (துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்) அதன்மேல் ஒட்டிக்கொள்வது. டெஃப்லான் ஃபுட் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் சாதாரண ஃபுட்டின் அடியில் மங்கலான செலோடேப்பை ஒட்டி ஊசித் துவாரத்தை வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் மேலே மெல்லிய டிஷ்யூ தாள் வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்தெடுங்கள்.

தையல் நீளத்தை 3.5 முதல் 4 மி.மீ. வரை கூட்டுங்கள், இது முக்கியம். வழக்கமான 2.5-இல் தைத்தால் நெருக்கமாக ஓட்டை விழுந்து, தபால்தலை ஓரம் கிழிவதுபோல ஒருநாள் நேர்கோட்டில் கிழிந்து வரும். ஆரம்பத்திலும் முடிவிலும் முன்னும் பின்னும் ஓட்டாமல், நூலைக் கையால் முடிச்சுப் போடுங்கள். ஊசி 90/14. இஸ்திரிப் பெட்டியை நேரடியாக வைக்கவே கூடாது, உருகிவிடும். தையல் துணி படியாமல் முறைத்துக்கொண்டு நின்றால் இருபக்கமும் மேலே ஒரு தையல் ஓட்டிவிடுங்கள், விண்வெளி உடைக்கு அந்தக் கோடுகள் எடுப்பாகவும் இருக்கும்.

இடுப்பில் 12 செ.மீ. அகலப் பட்டி. நிற்கும்போது சரி. உட்கார்ந்து எழுந்தால் சுருண்டு கயிறாகிவிடுகிறது. விறைப்புக்குக் கேன்வாஸ் கூட ஒட்டியிருக்கிறேன்.

கேன்வாஸ் மட்டும் இதற்குப் போதாது, பட்டியின் வடிவமும் மாற வேண்டும். நம் உடம்பு உருளை இல்லை, பட்டியின் மேல் விளிம்பு இருக்கும் இடத்தில் ஒரு சுற்றளவு, கீழ் விளிம்பில் வேறொன்று. இரண்டையும் தனித்தனியாக அளந்து, நேர் பட்டியை ஐந்தாறு இடத்தில் வெட்டி விரித்து லேசான வளைவாக மாற்றுங்கள். அகலத்தை உட்கார்ந்துகொண்டு அளந்தீர்களா? விலா எலும்பின் கீழிருந்து தொடை மடியும் இடம் வரை உட்கார்ந்த நிலையில் எவ்வளவு இடம் இருக்கிறதோ அதற்குமேல் போனால் என்ன வைத்தாலும் சுருளும். சிலருக்கு 12 அதிகம், 9 போதும்.

பிறகு விறைப்பு. கனமான கேன்வாஸை இரண்டு மடிப்பாகத் தையல் விளிம்புக்குள் போகாமல் வெட்டி ஒட்டி, மேலிருந்து கீழாக 3 செ.மீ. இடைவெளியில் தையல் ஓட்டுங்கள். பக்கவாட்டு மடிப்பு விழாது. நான்கு இடத்தில் பிளாஸ்டிக் எலும்பு (விறைப்புக்கு வைக்கும் மெல்லிய பட்டை) நுழைத்தால் இன்னும் உறுதி, நுனியை உருட்டி வெட்டி, பட்டி அகலத்தைவிட 1 செ.மீ. குறைவாக வையுங்கள். ஜப்பானிய உடையான கிமோனோவின் இடுப்புப்பட்டியான ஓபியை முதுகுப் பக்கம் முடிவதுபோல நீங்களும் பின்னால் மூடுங்கள், முன்பக்கம் சுத்தமாக இருக்கும். வெல்க்ரோ என்றால் மேலே வந்து படியும் முனையின் உள்பக்கம் மென்மையான பாதி, அடியில் இருக்கும் முனையின் வெளிப்பக்கம் சொரசொரப்பான பாதி. மாற்றி வைத்தால் ட்யூனிக் துணியெல்லாம் பிசிறாகும்.

தோளிலிருந்து முன்னும் பின்னும் தொங்கும் பட்டைகள் நழுவுகின்றன என்று இன்னும் சிலர் எழுதியிருக்கிறீர்கள். ஒரு தோளுக்கு இரண்டு பிரஸ் பட்டன், கழுத்தோரம் ஒன்று, கை ஓரம் ஒன்று. ஒன்று மட்டும் வைத்தால் அதை அச்சாக வைத்துப் பட்டை சுழலும்.

ஃபோமில் செய்த தோள்கவசத்தைத் துணியோடு பசை வைத்து ஒட்டினேன், துணியே கிழிந்து வந்துவிட்டது.

கவசத்தின் கனம் முழுவதும் ஒரு மெல்லிய துணியில் தொங்கினால் அப்படித்தான் ஆகும். உள்ளே ஒரு சாதாரண கையில்லாத உள்ளங்கி தைத்து, பாரத்தை அதற்குக் கொடுங்கள். ட்யூனிக்கின் தோளில் காஜா போல ஒரு பிளவு விட்டு, உள்ளங்கியிலிருந்து வரும் நைலான் பட்டையை அதன் வழியே வெளியே எடுத்துக் கவசத்தை மாட்டலாம். கை தூக்கும்போது கவசம் காதில் இடிக்காமல் இருக்க, அதைக் கழுத்துப் பக்கம் மட்டும் பிடிக்க வையுங்கள், மேல்கையில் ஓர் எலாஸ்டிக் போதும்.

துணி புத்தம் புதிதாகப் பளபளக்கிறது. பாலைவனத்தில் அலைந்த மாதிரி வேண்டும். தேநீரில் நனைத்தேன், ஒன்றும் ஏறவில்லை.

உங்கள் துணி பாலியஸ்டராக இருக்கும். தேநீர்ச் சாயம் பருத்தி, லினன், கம்பளி ஆகியவற்றில்தான் பிடிக்கும். பாலியஸ்டருக்குத் தண்ணீர் கலந்த அக்ரிலிக் பெயின்டை ஸ்பாஞ்சால் தட்டித் தட்டி ஏற்றுங்கள், முதலில் ஒரு வெட்டுத் துண்டில். முழங்கை, கை நுனி, கீழ் ஓரம், பாக்கெட் வாய் இங்கெல்லாம் உப்புத்தாளால் தேயுங்கள். அங்கியில் கீழே அழுத்தமாகவும் மேலே போகப் போக லேசாகவும் அழுக்கு இருந்தால்தான் நம்பும்படி இருக்கும், நடக்கிறவன் கால்புழுதி தோளில் படியாது.

காலரில் விளக்கு வைக்க ஆசை.

வையுங்கள். எல்ஈடி சரத்தைத் துணியோடு தைத்துவிடாமல், உருவி எடுக்கும்படி ஒரு சுரங்கப்பட்டிக்குள் விடுங்கள், துவைக்க வேண்டுமே. பேட்டரிப் பெட்டிக்கு இடுப்புப்பட்டியின் கீழே, முதுகுப் பக்கம் ஒரு பாக்கெட். விளக்குப் புள்ளி புள்ளியாகத் தெரியாமல் இருக்க மேலே இரண்டு மடிப்பு வெள்ளை ஆர்கன்சா (ஒளி ஊடுருவும் மெல்லிய துணி) போடுங்கள்.

முழு வட்ட அங்கி, கழுத்து அளவெல்லாம் சரியாக வந்தது. மறுநாள் பார்த்தால் கீழ் ஓரம் சில இடங்களில் மட்டும் இறங்கியிருக்கிறது. வெட்டியதில் தப்பா?

வெட்டியதில் தப்பில்லை. வட்டமாக வெட்டும்போது சில இடங்களில் துணி நேர் நூலில் தொங்கும், சில இடங்களில் கிராஸாக, அதாவது நூலுக்குக் குறுக்குச் சாய்வாகத் தொங்கும். கிராஸ் பக்கம் அதன் கனத்திலேயே நீண்டுகொண்டு வரும். அதனால் கீழ் ஓரத்தை உடனே மடிக்கவே கூடாது, கழுத்தை முடித்துவிட்டு இரண்டு நாள் தொங்கவிடுங்கள். கம்பளி கனமாக இருந்தால் இன்னும் ஒரு நாள். பிறகு அன்று போடப்போகும் அதே பூட்ஸைப் போட்டுக்கொண்டு நேராக நில்லுங்கள், வேறு ஒருவர் தரையிலிருந்து ஸ்கேலை நிறுத்தி 4 செ.மீ. உயரத்தில் சுற்றிலும் சாக்பீஸால் குறிக்கட்டும். நீங்களே குனிந்து குறித்தால் அளவு மாறிவிடும். குறித்த கோட்டில் வெட்டி, ஓரத்தை 1 செ.மீ.-க்கு மேல் மடிக்காமல் தையுங்கள். வளைவில் அகலமாக மடித்தால் சுருக்கம் விழும். லைனிங்கையும் அங்கியோடு சேர்த்துத் தைக்காமல் தனியாக மடித்து, 2 செ.மீ. மேலே நிற்கும்படி விடுங்கள்.

தலைமூடி பெரிதாக இருந்தால் அங்கி முழுவதும் பின்னால் இழுத்துத் தொண்டையை அழுத்தும். முன்பக்கக் கொக்கியை இறுக்குவதால் பயனில்லை. அங்கியின் தோள் தையலின் உள்பக்கமும் ட்யூனிக்கின் தோளிலும் இரண்டிரண்டு பெரிய பிரஸ் பட்டன் வைத்துவிடுங்கள், கனம் தோளுக்குப் போய்விடும், கழுத்துக் கொக்கியைத் திறந்தே விட்டாலும் அங்கி இடம் மாறாது.