படத்தில் துப்பாக்கி யார் கையில்?

கேள்வி: குலசேகரம் பக்கம் ரப்பரும் மரச்சீனியும் போட்டிருக்கிறேன். பன்றித் தொல்லைக்காக என் பெயரில் லைசென்ஸ் எடுத்து இரட்டைக் குழல் துப்பாக்கி வைத்திருக்கிறேன். மனைவியின் சிகிச்சைக்காகத் திருவனந்தபுரத்தில் இருந்தபோது, என் தங்கை மகன் (வயது 24) அதைத் தோளில் சாய்த்துப் படமெடுத்து, ‘மாமா ஊர்ல இல்ல, ராஜ்யம் நம்மது’ என்று இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டான். நண்பர்கள் மட்டும் பார்க்கும் கணக்குதான். வேலித் தகராறில் இருக்கும் பக்கத்து விளைக்காரர் (பக்கத்துத் தோட்டத்தின் சொந்தக்காரர்) எப்படியோ ஸ்கிரீன்ஷாட் வாங்கிக் கலெக்டரிடம் மனு கொடுத்துவிட்டார். லைசென்ஸை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. அந்தரங்க உரிமையை மீறியதாக அவர் மேல் வழக்குப் போடலாமா?

பதில்: அந்த எண்ணத்தை விடுங்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற 2017 தீர்ப்பு முதலில் அரசாங்கத்துக்குக் கடிவாளம் போடுவது. பையன் தானாக நண்பர்களுக்குக் காட்டிய படத்தை அவர்களில் ஒருவர் வெளியே கொடுத்தார். அதை வைத்து விளைக்காரர் மேல் வழக்கு நிற்காது. அவர் பொறாமைக்காரர், பத்து வருடப் பகை என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கலெக்டருக்கு அது தேவையில்லை.

தேவையானது ஒன்றுதான்: படம் எடுத்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? பக்கத்தில் இருந்திருந்தால், துப்பாக்கி உங்கள் கட்டுப்பாட்டில்தான் இருந்தது என்று வாதாட இடமுண்டு. நீங்களோ ஊரிலேயே இல்லை. அதைப் பையனே படத்தின் கீழே எழுதியும் வைத்துவிட்டான். லைசென்ஸ் இல்லாதவன் கையில் துப்பாக்கி என்றால் படைக்கலச் சட்டம் (ஆயுதங்களுக்கான சட்டம்) 25(1B) பிரிவு வரும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு 2 முதல் 5 ஆண்டு சிறை. அதாவது உங்கள் லைசென்ஸைவிடப் பெரிய ஆபத்து அவனுக்கு.

என்னிடம் வருகிறவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். விளவங்கோடு பக்கத்து ஒருவர் என்னிடம் வரும் முன்பே, ‘அது விளையாட்டுத் துப்பாக்கி’ என்று விளக்கம் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். படத்தைப் பெரிதாக்கினால் குழலில் உள்ள நம்பர் தெரிந்தது. லைசென்ஸ் புத்தகத்திலும் அதே நம்பர். அதோடு அவர் சொன்ன எதையும் யாரும் நம்பவில்லை. நீங்களும் ‘நானும் உடன் இருந்தேன்’ என்று எழுதிவிடாதீர்கள். ஆஸ்பத்திரி பில்லே காட்டிக்கொடுக்கும். ‘நான் ஊரில் இல்லை, எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று எழுதினால் பையனை நீங்களே மாட்டிவிடுகிறீர்கள். சாவி அவனுக்கு எப்படிக் கிடைத்தது என்று அடுத்த கேள்வி உங்களிடமே வரும்.

இன்னொன்று, அவன் ஃபோனை யாரும் தொட வேண்டாம். நோட்டீஸுக்குப் பிறகு படத்தை அழித்தால், சாட்சியத்தை அழித்ததாகப் பாரதிய நியாய சன்ஹிதா (குற்றங்களுக்கான சட்டம்) 241-ஆம் பிரிவு தனியாக வரலாம். ‘ஸ்கிரீன்ஷாட்டுக்கு 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் இல்லையே சார்’ என்று யூடியூப் பார்த்துவிட்டு வருகிறார்கள். மின்னணு ஆதாரத்தோடு சாட்சியச் சட்டப்படி கொடுக்க வேண்டிய சான்றிதழ் அது. கோர்ட் விசாரணையில் பேச வேண்டியது. பொதுப் பாதுகாப்பைக் காட்டிப் படைக்கலச் சட்டம் 17-ஆம் பிரிவில் லைசென்ஸை ரத்து செய்யக் கலெக்டர் அந்தச் சான்றிதழுக்காகக் காத்திருக்க மாட்டார்.

என் யோசனை உங்களுக்குப் பிடிக்காது. துப்பாக்கியைக் கொடுத்துவிடுங்கள். காட்டுப்பன்றியைச் சுட அந்த லைசென்ஸ் உங்களுக்கு அனுமதி தரவில்லை, அது வனத்துறை வேலை. பிறகு எதற்காகப் பீரோவில் பூட்டி வைத்துக் காவல் காக்கிறீர்கள்? ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். விளக்கத்தை வக்கீல் மூலம் நான்கு வரியில் கொடுங்கள், அதில் பொய் ஒரு வார்த்தைகூட வேண்டாம். இதனால் பையன் மேல் வழக்கு வரவே வராது என்று நான் உத்தரவாதம் தரவில்லை. கலெக்டர் இதோடு விட வாய்ப்பு கூடும், அவ்வளவுதான்.

அப்புறம் அந்த வேலி. தாலுகா சர்வேயரை வைத்து அளந்து கல் போட்டு முடியுங்கள், அரை சென்ட் போனாலும் போகட்டும். அவர் மனுவை வாபஸ் வாங்கினாலும் நோட்டீஸ் தானாக நிற்காது. ஆனால் அதே ஸ்கிரீன்ஷாட்டைத் தூக்கிக்கொண்டு அவர் அடுத்துப் போகக்கூடிய இடம் போலீஸ் ஸ்டேஷன்.